கிரேக்கக் கடவுள்களுக்குத் துறை பிரித்தால் கணக்கு ஏன் இடிக்கிறது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இது: கிரேக்கப் புராணக் கடவுள்களை வைத்து ஓர் அட்டவணை போட உட்கார்ந்தீர்கள். வானம் ஜீயஸ், கடல் பொசைடன், காதல் அஃப்ரோடைட்டி என்று முதல் சில வரிகள் சுலபமாக வந்துவிட்டன. போர் என்ற கட்டத்தில் ஏரிஸ், அதீனா என இரண்டு பேர் வந்து நின்றார்கள். குதிரைக்கும் இரண்டு பேர். பிரசவத்துக்கு மூன்று பேர். ஒலிம்பஸ் மலையில் வாழும் பெரிய கடவுள்கள், அதாவது ஒலிம்பியர், பன்னிரண்டு பேர் என்கிறார்கள், எண்ணினால் பதின்மூன்று வருகிறது, பாதாளத்தின் ஹேடிஸைச் சேர்த்தால் பதினான்கு. எந்தப் பட்டியல் சரி என்று கேட்டிருக்கிறீர்கள். பட்டியல் மட்டும்தான் வேண்டுமென்றால் நாலு வரியில் முடிந்துவிடும். ஆனால் ஒரே வேலைக்கு ஏன் இரண்டு பேர் என்பதுதான் உங்களை உறுத்துகிறது என்று தோன்றுகிறது. அதற்குக் கொஞ்சம் இடம் வேண்டும்.

பண்டைய வரலாறு படித்து, பல வருடம் அதைக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தவன் நான். கிரேக்க மூலத்தை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெதுவாகப் படிப்பேன். அகழாய்வு என் துறை இல்லை. அந்தப் பக்கம் நான் சொல்வதெல்லாம் தோண்டியவர்கள் எழுதியதைப் படித்துச் சொல்வது. ஒவ்வொரு வருடமும் முதல் வாரத்தில் யாராவது ஒரு மாணவர் இதே அட்டவணையைப் போட்டுக்கொண்டு வருவார், இதே இடத்தில் மாட்டிக்கொள்வார். அதனால் உங்கள் குழப்பம் எனக்குப் பழக்கமானதுதான்.

எண்ணிக்கையை முதலில் முடித்துவிடுவோம். பன்னிரண்டு என்ற எண் உறுதியானது, பழையது. ஏதென்ஸ் நகரத்துச் சந்தைத் திடலில் கி.மு. 522 வாக்கில் பன்னிரண்டு கடவுள்களுக்கென்று ஒரு பலிபீடம் எழுப்பினார்கள். ஊரிலிருந்து வெளியிடங்களுக்குத் தூரம் அளப்பதற்கு அந்தப் பீடம்தான் தொடக்கப் புள்ளி. (இன்று அதன் பெரும்பகுதி ஏதென்ஸ் – பிரேயஸ் ரயில் பாதைக்கு அடியில் கிடக்கிறது, ஒரு மூலை மட்டும் வெளியே தெரியும்.) ஆனால் அந்தப் பன்னிரண்டு பேர் யார் யார் என்பது ஊருக்கு ஊர் மாறும். பார்த்தினான் கோயிலின் கிழக்குச் சிற்ப வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் ஜீயஸ், ஹீரா, பொசைடன், டிமீட்டர், அதீனா, அப்பல்லோ, ஆர்ட்டெமிஸ், ஏரிஸ், அஃப்ரோடைட்டி, ஹெர்மிஸ், ஹெஃபெஸ்டஸ், டயோனைசஸ். அடுப்புக்குரிய ஹெஸ்டியா அங்கே இல்லை. ஒலிம்பியாவுக்குப் போனால் கதையே வேறு. அங்கே ஆறு பலிபீடங்கள், பீடத்துக்கு இரண்டு தெய்வங்கள். அந்தப் பன்னிரண்டில் ஜீயஸின் அப்பா குரோனஸும் அம்மா ரேயாவும் உண்டு, பக்கத்தில் ஓடும் அல்ஃபியஸ் ஆறும் உண்டு. ஏரிஸ் இல்லை, அஃப்ரோடைட்டி இல்லை. டயோனைசஸுக்காக ஹெஸ்டியா பெருந்தன்மையாகத் தன் இருக்கையை விட்டுக்கொடுத்தாள் என்று இணையம் முழுக்க ஒரு கதை சுற்றுகிறது. அழகான கதைதான். ஆனால் எந்தப் பழைய கிரேக்க நூலிலும் அது கிடையாது. 20-ஆம் நூற்றாண்டில் கட்டியது. ஆகவே உங்கள் பதின்மூன்றும் தப்பில்லை.

சரி, துறைக்கு வருவோம். துறை பிரிக்கும் எண்ணமே நம் காலத்துக் கற்பனை என்றும் சொல்லிவிட முடியாது. வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் எழுதும்போது, ஹோமரும் ஹீசியடும்தான் கிரேக்கருக்குக் கடவுள்களின் வம்சத்தை வகுத்துக் கொடுத்தார்கள், அடைமொழிகளைத் தந்தார்கள், அவரவர்க்குரிய மரியாதைகளையும் திறமைகளையும் பங்கிட்டார்கள், உருவத்தையும் சொன்னார்கள் என்கிறார். அதாவது இந்தப் பங்கீட்டைச் செய்தவர்கள் புலவர்கள் என்பது கிரேக்கருக்கே தெரிந்திருந்தது. ஹோமரின் போர்க் காவியமான இலியட்டின் 15-ஆம் காண்டத்தில் பொசைடன் தன் வாயாலேயே சொல்கிறான்: நாங்கள் அண்ணன் தம்பி மூன்று பேர், சீட்டுக் குலுக்கிப் போட்டோம், எனக்குக் கடல் விழுந்தது, ஹேடிஸுக்கு இருண்ட பாதாளம், ஜீயஸுக்கு வானம், நிலமும் ஒலிம்பஸ் மலையும் மூவருக்கும் பொது. சொத்துப் பிரிவினையில் தனக்குக் குறைந்துவிட்டது என்று முறைத்துக்கொண்டு நிற்கும் தம்பியின் பேச்சு அது. அந்தக் கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். மனிதர்கள் வாழ்கிற நிலம் யாருக்கும் தனியாகப் பிரித்துக் கொடுக்கப்படவில்லை. அங்கே எல்லோரும் உள்ளே வரலாம். உங்கள் அட்டவணையில் கணக்கு இடிக்க ஆரம்பிப்பது அங்கேதான்.

நான் வகுப்பில் இந்த இடத்தில் எப்போதும் சொல்வது செனஃபனின் கதை. அவர் ஒரு போர்வீரர், எழுத்தாளர். பாரசீகத்தின் நடுவிலிருந்து கூலிப்படையை அழைத்துக்கொண்டு திரும்பி, கி.மு. 399-இல் லாம்ப்சகஸ் என்ற ஊருக்கு வருகிறார். கையில் காசில்லை. தெரிந்த குறிசொல்லி ஒருவர் வந்து, எவ்வளவு தங்கம் வைத்திருக்கிறாய் என்று கேட்கிறார். குதிரையை விற்றால்தான் ஊர் போய்ச் சேர முடியும் என்று இவர் சத்தியம் செய்கிறார். அவர் நம்பவில்லை. அப்புறம் அப்பல்லோவுக்குக் கொடுத்த பலியின் குடலைப் பார்த்ததும் நம்பிவிடுகிறார், "உனக்குத் தடையாக நிற்பது ஜீயஸ் மெய்லிகியஸ் (சாந்தமான ஜீயஸ்), ஊரில் உனக்காக நான் செய்த மாதிரி அவருக்கு முழுப் பலி கொடுத்தாயா?" என்று கேட்கிறார். வீட்டை விட்டு வந்த நாளிலிருந்து கொடுக்கவில்லை. மறுநாள் செனஃபன் தன் முன்னோர் வழக்கப்படி பன்றிகளை முழுசாக நெருப்பிலிடுகிறார். அன்றைக்கே படைக்குச் சம்பளம் கொண்டு இரண்டு பேர் வருகிறார்கள். இவர் ஐம்பது டாரிக் பொற்காசுக்கு விற்ற குதிரையை அவர்களே மீட்டு வந்து, பணம் வாங்காமல் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இதே மனிதர் அந்தப் பயணம் முழுக்க ஜீயஸை வணங்கிக்கொண்டுதான் இருந்தார், ஜீயஸ் பசிலியஸ் என்ற பெயரில், அதாவது அரசனான ஜீயஸாக. அந்த ஜீயஸ் உயிரோடு கொண்டுவந்து சேர்த்தார். மெய்லிகியஸான ஜீயஸ் மட்டும் மனத்தாங்கலோடு இருந்தார். ஒருவரா, இருவரா? கேட்டால் ஒருவர்தான் என்பார் செனஃபன். ஆனால் பலி வேறு, முறை வேறு, கேட்கும் வரம் வேறு. பிரேயஸ் துறைமுகப் பகுதியில் கிடைத்த கல் சிற்பங்களில் இந்த மெய்லிகியஸ் எழுந்து நிற்கும் பெரிய பாம்பு. இடி மின்னலோடு சிம்மாசனத்தில் அமர்ந்த தாடிக்காரருக்கும் அந்தப் பாம்புக்கும் ஒரே பெயர்.

ஆகவே ஜீயஸ் என்றால் வானம் என்று ஒரே கட்டத்தில் அடைத்தால், கிரேக்கர் வீட்டில் அன்றாடம் இருந்த ஜீயஸ் வெளியே நின்றுவிடுகிறார். முற்றத்து ஜீயஸ் ஒருவர், ஹெர்கியஸ். விருந்தாளியைக் காக்கும் ஜீயஸ், ஸெனியஸ். சத்தியத்துக்குச் சாட்சி, ஹோர்கியஸ். எனக்கு மிகவும் பிடித்தவர் உக்கிராண அறை ஜீயஸ், க்டெசியஸ். அவருக்குக் கோயில் இல்லை, சிலை இல்லை. இரண்டு காது வைத்த ஒரு புது ஜாடி. காதுகளில் வெள்ளைக் கம்பளி நூல் சுற்றி, உள்ளே சுத்தமான தண்ணீர், ஆலிவ் எண்ணெய், பலவகைப் பழம் அல்லது தானியம் போட்டு அறையில் வைத்துவிடுவார்கள். அதுதான் ஜீயஸ். வீட்டில் இருப்பது குறையாமல் பார்த்துக்கொள்வார். உலகத்தையே ஆளும் கடவுள் மளிகை ஜாடியிலும் இருப்பது அவர்களுக்கு முரணாகவே தெரியவில்லை.

இப்போது உங்கள் இரட்டைகள். குதிரையிலிருந்து தொடங்கினால் எளிது. குதிரை பொசைடனுடையது; ஹிப்பியஸ் என்ற அடைமொழியே அவனுக்கு உண்டு. அதீனாவுக்கும் ஹிப்பியா என்று அதே அடைமொழி. பிண்டார் பாடிய ஒரு வெற்றிப் பாட்டில் இது அழகாகப் பிரிகிறது. இறக்கை வைத்த குதிரை பெகாசஸைப் பிடிக்க முடியாமல் கொரிந்து நகரத்துப் பெல்லரஃபான் தவிக்கிறான். கனவில் அதீனா வந்து பொன் கடிவாளம் தருகிறாள். குறிசொல்லி சொல்கிறார்: பொசைடனுக்கு ஒரு காளையைப் பலி கொடு, அதீனாவுக்குப் பீடம் கட்டு. குதிரையின் திமிரும் வேகமும் துள்ளலும் பொசைடன். அதன் வாயில் போடும் இரும்பு அதீனா. கடலிலும் இதே கதைதான். அலையும் புயலும் அவனுடையவை. மரத்தை அறுத்துக் கப்பல் கட்டும் கை, சுக்கான் பிடிக்கும் நிதானம், இவை அவளுடையவை. ஒரு தெய்வம் எந்தப் பொருளுக்கு உரியது என்று பார்ப்பதைவிட, அந்தப் பொருளிடம் எந்த மாதிரி நடந்துகொள்கிறது என்று பார்த்தால் கிரேக்கம் பிடிபட ஆரம்பிக்கும். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. பிரெஞ்சு அறிஞர்கள் சிலர் 20-ஆம் நூற்றாண்டில் இந்தக் கோணத்தை விரிவாக எழுதினார்கள். எல்லா இடத்திலும் இது கச்சிதமாகப் பொருந்தும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் அட்டவணையைவிட நிறையத் தூரம் போகும்.

போரும் அப்படித்தான். அணி வகுப்பு, தந்திரம், நகரத்தைக் காப்பது, எப்போது நிறுத்துவது என்ற அறிவு, இதெல்லாம் அதீனா. ரத்த வெறியும் பீதியும் கூச்சலும் ஏரிஸ். இலியட்டின் 5-ஆம் காண்டத்தில் அதீனா பக்கத்தில் நின்று உதவ, தியோமிடிஸ் என்ற மனிதன் ஏரிஸையே ஈட்டியால் குத்திவிடுகிறான். ஒன்பதாயிரம் பத்தாயிரம் பேர் ஒன்றாகக் கத்தினாற்போல் ஏரிஸ் அலறுகிறான். அப்பாவிடம் ஓடிப் போய்க் காயத்தைக் காட்டினால், "ஒலிம்பஸில் இருப்பவர்களிலேயே எனக்கு உன்னைத்தான் சுத்தமாகப் பிடிக்காது" என்கிற மாதிரி ஜீயஸ் பதில் சொல்கிறார். அவனுக்குக் கோயில்களும் குறைவு. ஆனால் பகைத்துக்கொள்ளவும் முடியாது. ஏரிஸோடு சேர்த்தே பேசப்படும் போர்த் தெய்வம் எனியாலியஸ். ஸ்பார்ட்டாவில் அவருடைய பழைய சிலையைக் காலில் விலங்கு மாட்டி வைத்திருந்தார்களாம். தங்களை விட்டு ஓடிவிடக் கூடாது என்பதற்காக என்று, கிரேக்க ஊர்களைச் சுற்றிப் பார்த்து எழுதிய பௌசானியஸ் சொல்கிறார்.

பொசைடனைப் பற்றி இன்னும் ஒன்று, ஏனென்றால் கடல் என்று எழுதி முடித்துவிடுவது அவனுக்குச் செய்யும் பெரிய அநியாயம். நிலநடுக்கம் அவனுடையது. நிலத்தை உலுக்குபவன் என்பது ஹோமர் அவனுக்கு வழக்கமாகத் தரும் அடைமொழி. கி.மு. 464 வாக்கில் ஸ்பார்ட்டாவைப் பெரிய நிலநடுக்கம் புரட்டிப் போட்டது. டைனாரன் முனையில் பொசைடன் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த அடிமைகளை வெளியே இழுத்துக் கொன்றதற்கு வந்த தண்டனை அது என்று ஸ்பார்ட்டாக்காரர்களே நம்பினார்கள் என்கிறார் வரலாற்றாசிரியர் துசிடிடீஸ். கடற்கரையே இல்லாத உள்நாட்டு ஊர்களும் அவனுக்குப் பயந்ததற்குக் காரணம் இதுதான். பைலாஸ் அரண்மனையில் கிடைத்த, ஹோமருக்கும் பல நூற்றாண்டு முந்திய மைசீனியக் காலத்துக் களிமண் பலகைகளில் ஜீயஸைவிட அவனுக்குத்தான் முக்கியத்துவம் அதிகம். அந்தக் காலத்தில் அவன் யாராக இருந்தான் என்பதை அந்தப் பலகைகள் சொல்லாது. அவை கணக்குப் புத்தகங்கள், யாருக்கு எவ்வளவு எண்ணெய், எவ்வளவு தேன் என்பதோடு நின்றுவிடும்.

பிரசவத்தின் மூவர்: எலைதியா, ஆர்ட்டெமிஸ், ஹீரா. வலி எடுக்கும் அந்த நேரத்துக்கே உரியவள் எலைதியா. கிரீட் தீவின் அம்னிசஸில் அவளுக்கு ஒரு ஜாடித் தேன் என்று அதே தீவின் க்னோசஸ் அரண்மனையில் கிடைத்த இதே மாதிரிப் பலகை ஒன்று குறிக்கிறது, அவ்வளவு பழையவள். ஹீரா, பெண்ணைத் திருமணம் என்ற நிலையில் நிறுத்திப் பார்ப்பவள். ஸ்டிம்ஃபலஸ் என்ற ஊரில் அவளுக்கு மூன்று கோயில்கள் இருந்தன: சிறுமியான ஹீரா, மணமாகி நிறைவடைந்த ஹீரா, கைம்பெண் ஹீரா. (கணவன் சாகாமலேயே கைம்பெண் ஆனது எப்படி என்றால், ஜீயஸோடு சண்டை போட்டுக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டாள் என்று அந்த ஊர்க்காரர்களிடம் விளக்கம் இருந்தது.) ஆர்ட்டெமிஸின் இடம் வேறு. காட்டுக்கும் ஊருக்கும் நடுவில் நிற்பவள் அவள். ஏதென்ஸ் நகரத்துச் சிறுமிகள் பிராரோன் என்ற இடத்தில் அவளுக்காகக் 'கரடி' ஆனார்கள்; வளர்ந்து மணமாவதற்கு முன் செய்யும் சடங்கு. பெண் ஒருத்தி திடீரென்று இறந்தால் ஆர்ட்டெமிஸின் அம்பு என்பார்கள். பெண்களுக்கு உன்னை ஜீயஸ் சிங்கமாக்கி வைத்திருக்கிறார் என்று இலியட்டில் ஹீராவே அவளைத் திட்டுகிறாள். உயிர் போகக்கூடிய இடம் என்பதால்தான் பிரசவம் அவளிடம் வருகிறது.

அப்பல்லோவும் இந்த ரகம். இலியட்டின் தொடக்கத்தில் கொள்ளைநோயை அம்பாக விடுகிறவன் அவன்; முதலில் கோவேறு கழுதைகளும் நாய்களும், அப்புறம் மனிதர்கள், ஒன்பது நாள். நோயை நிறுத்த வேண்டுமானாலும் அவனிடமே போக வேண்டும். அனுப்பத் தெரிந்தவனுக்குத்தான் திருப்பி அழைக்கவும் தெரியும். அவன் மகன் அஸ்கிலீப்பியஸ் வைத்தியக் கடவுள் ஆனது இந்த வழியில்தான். அவன் கையிலிருக்கும் தடியில் சுற்றியிருப்பது ஒரே ஒரு பாம்பு. டாக்டர்களின் கார் கண்ணாடியில் இரண்டு பாம்பும் இறக்கையுமாக ஒட்டியிருப்பது ஹெர்மிஸின் தூதுக்கோல். அமெரிக்க ராணுவ மருத்துவப் படை 1902-இல் அதைச் சின்னமாக எடுத்துக்கொண்டதிலிருந்து குழப்பம் பரவியது. ஹெர்மிஸ் வாசல், எல்லை, வழி, சந்தை, திருட்டு, தூது, இறந்தவரை வழிநடத்திக் கூட்டிப்போவது, இத்தனைக்கும் உரியவன். ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு எது போனாலும் அவன் இருப்பான் என்று வைத்துக்கொள்ளுங்கள், பட்டியல் தேவைப்படாது. வியாபாரியும் திருடனும் ஒரே தெய்வத்தை ஏன் கும்பிட்டார்கள் என்பதும் புரிந்துவிடும்.

இதுவரை சொன்னதில் பலி, அடைமொழி, பீடம் பற்றியவை பழைய நூல்களிலோ கல்லிலோ நேரே இருப்பவை. தோற்றம் பற்றிய பேச்சு அவ்வளவு கெட்டியில்லை. அப்பல்லோதான் சூரியன் என்பது உங்கள் அட்டவணையில் இருந்தால் அடித்துவிடுங்கள், அல்லது பக்கத்தில் 'பிற்காலம்' என்று எழுதுங்கள். சூரியனுக்கு ஹீலியஸ் தனியாக இருந்தான், இரண்டையும் ஒன்றாக்கும் பேச்சு கி.மு. 5-ஆம் நூற்றாண்டில்தான் கேட்கத் தொடங்குகிறது. அஃப்ரோடைட்டி சைப்ரஸ் வழியாகக் கிழக்கிலிருந்து வந்தவள், இஷ்டார், அஸ்டார்ட்டே போன்ற மேற்காசியப் பெண் தெய்வங்களின் உறவுக்காரி என்பது பலர் ஏற்கும் கருத்து. நிரூபணம் என்று சொல்ல மாட்டேன். அவளுடைய பிறப்பிலேயே ஹோமருக்கும் ஹீசியடுக்கும் ஒத்துப்போகவில்லை. முன்னவருக்கு அவள் ஜீயஸுக்கும் டயோனிக்கும் மகள், பின்னவருக்குக் கடல் நுரையில் பிறந்தவள். டயோனைசஸ் விஷயத்தில் எங்கள் துறையே ஒருமுறை நன்றாக ஏமாந்தது. அவன் வெளியூரிலிருந்து தாமதமாக வந்து சேர்ந்த கடவுள் என்று அறிஞர்கள் நீண்ட காலம் உறுதியாக எழுதினார்கள். பழைய கிரேக்க நாடகத்தில் அவன் ஆசியாவிலிருந்து வருபவனாக வருகிறானே! 1952-இல் மைக்கேல் வென்ட்ரிஸ் அந்தக் களிமண் பலகைகளின் எழுத்தைப் படித்துக் காட்டிய பிறகு பார்த்தால், அவன் பெயர் அங்கேயே இருக்கிறது. கிரீட்டின் கானியா நகரில் பின்னாளில் கிடைத்த கி.மு. 13-ஆம் நூற்றாண்டுப் பலகை ஒன்றில் ஜீயஸ் கோயிலிலேயே அவனுக்கும் தேன் போகிறது. எப்போதும் புதிதாக வந்து கதவைத் தட்டுபவனாக இருப்பதுதான் அவன் குணம். அதை நாங்கள் வரலாறு என்று படித்துவிட்டோம்.

கடைசியாக, 'ஜீயஸ்தானே நம்ம இந்திரன், பொசைடன்தானே வருணன்?' என்று போகிறபோக்கில் கேட்டிருந்தீர்கள். பெயரளவில் உறுதியான உறவு ஒன்று உண்டு: ஜீயஸ் என்ற சொல்லும் வேதத்தில் வரும் த்யௌஸ் என்ற சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவை, பொருள் ஒளிரும் வானம். ஆனால் வேதத்தின் த்யௌஸ் ஆட்சி செய்வதில்லை. இடியும் அரசும் இந்திரனிடம் இருக்கின்றன. பெயர் ஒருவரிடம், வேலை இன்னொருவரிடம். இப்படிப் பொருத்திப் பார்க்கும் பழக்கம் கிரேக்கருக்கும் இருந்தது, நம் ஊரும் அதில் மாட்டியிருக்கிறது. கி.மு. 300 வாக்கில் பாடலிபுத்திரத்துக்குத் தூதராக வந்த மெகஸ்தனிஸ், இந்தியர்கள் ஹெராக்ளிஸையும் டயோனைசஸையும் வணங்குவதாக எழுதினார். அந்த ஹெராக்ளிஸுக்குப் பாண்டையா என்று ஒரே மகள், அவள் ஆண்ட நாட்டுக்கு அவள் பெயரே வந்தது, அங்கே கடலில் முத்து எடுக்கிறார்கள் என்றும் அவர் சொன்னதாகப் பிற்காலக் கிரேக்க எழுத்தாளர் அரியன் குறித்திருக்கிறார். பாண்டிய நாட்டைப் பற்றிக் கேள்விப்பட்டதுதான் அது என்பதைப் பெரும்பாலும் ஏற்கிறார்கள். அந்த ஹெராக்ளிஸ் யார் என்பதில் சண்டை ஓயவில்லை. மதுராவில் அவரை விசேஷமாகக் கொண்டாடினார்கள் என்று வருவதால் கிருஷ்ணன் என்பவர்கள் அதிகம். மெகஸ்தனிஸ் செய்தது நீங்கள் செய்வதைத்தான். தெரியாத தெய்வத்தைத் தெரிந்த கட்டத்தில் உட்கார வைத்துப் பார்த்தார்.

அட்டவணை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. துறை என்ற பத்தியை எடுத்துவிட்டு, அடைமொழி, ஊர், என்ன கொடுத்தார்கள் என்று மூன்று பத்திகள் போடுங்கள். ஜீயஸுக்கு மட்டும் ஒரு பக்கம் ஆகும், ஆகட்டும். விளைச்சலின் தெய்வமான டிமீட்டருக்கு, அவளுடைய ரகசியச் சடங்குகள் நடந்த எலூசிஸ் என்று ஊரை எழுதி, அங்கே என்ன காட்டினார்கள் என்ற இடத்தைக் காலியாக விடுங்கள். பல நூற்றாண்டுகள் ஆயிரக்கணக்கானோர் அங்கே தீட்சை பெற்றும், வெளியே வாய் திறக்கவில்லை.

ஹேடிஸை எங்கே போடுவது? ஒலிம்பஸில் குடியிருக்காததால் பொதுவாகப் பன்னிரண்டில் சேர்ப்பதில்லை. பெயரைச் சொல்லவே தயங்கி, செல்வன் என்ற பொருளில் புளூட்டன் என்று கூப்பிட்டார்கள். அவனுக்கென்று கோயில் கட்டியவர்கள் மிகக் குறைவு. எலிஸ் ஊர்க்காரர்கள் கட்டினார்கள். வருடத்துக்கு ஒரு முறைதான் அதைத் திறப்பார்கள், பூசாரியைத் தவிர யாரும் உள்ளே போகக் கூடாது. மனிதர்களும் ஹேடிஸிடம் ஒரு முறைதானே போகிறார்கள், அதனால் இருக்கலாம் என்கிறார் பௌசானியஸ்.